கிளுவை வேலிக்கு அடியில்

பட்டிக்குள் நாய் இறங்கிப்
பதினோரு உருப்படி போன பிறகு
ராக்காவல் எனக்கு வந்து சேர்ந்தது.
அவர் வெள்ளகோவில் தறிகுடோனில்
விடிய விடிய அறுந்த நூல் முடிகிறார்.
எனக்குக் கயிற்றுக்கட்டில்,
ஊஞ்சத் தடி,
தலையில் மாட்டுகிற லைட்.

கால்நடை டாக்டர் வந்து
கடிவாய்களை எண்ணி எழுதிக்கொண்டு போனார்.
பணம் வருமாம்.
மழையும் வருமென்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு சாண் மண்ணுக்குக் கீழே சுக்கான்கல்,
அதற்கும் கீழே பாறை,
பாறைக்கும் கீழே என்னவென்று
ஆயிரத்து இருநூறு அடி போர் போட்டவனுக்குத்தான் தெரியும்.
அவனும் புழுதியைத் தவிர
ஒன்றும் காட்டவில்லை.

தூரத்தில் காத்தாடிகள்
ஒன்றாகச் சிவந்து ஒன்றாக அணைந்தன.
நாய் வருகிறதா என்று
முதுகுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

மூணாம் ராத்திரி
கிளுவை வேலிக்கு அடியில்
யாரோ அப்பளம் நொறுக்கினார்கள்.

லைட்டைத் திருப்பினேன்.
மாதுளம்பழம் அளவு ஒரு முள்ளெலி.
கண்ணைச் சுற்றிக் கறுப்புத் துணி கட்டின மாதிரி ஒரு பட்டை.
வாயில் தேள்.
கொடுக்கை முதலில் கடித்துத் துப்பிவிட்டு
(அதை யார் அதற்குச் சொன்னார்கள்)
இடுக்கிக் கையிலிருந்து ஆரம்பித்தது.
அவசரமே இல்லை.
முதல் பந்தியில் இடம் கிடைத்தவன் மாதிரி
மென்று,
நிறுத்தி,
மூக்கைத் தூக்கி என் பக்கம் மோந்து,
மறுபடி மென்று.

தேளின் கால் ஒன்று
அதன் உதட்டோரத்தில்
நடந்துகொண்டே இருந்தது.

ஒரு எட்டு வைத்தேன்.
முகம் போச்சு, வயிறு போச்சு,
முள் உருண்டை ஒன்று கிடந்தது.
தடியால் உருட்டினேன். உருண்டது.
உள்ளே புஸ் புஸ்ஸென்று ஒரு சின்னத் துருத்தி.
அந்தச் சத்தத்துக்கு முன்னால்
தடியோடு நிற்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம் தினமும் பத்தரைக்கு
இட்டேறிப் பக்கமிருந்து வந்தது.
பூரான். கரையான். பிள்ளைப்பூச்சி.
ஒருநாள் கண் திறக்காத எலிக்குஞ்சு.
அன்றைக்கு லைட்டை அணைத்துவிட்டேன்.

ஏன் அணைத்தேன் என்று
வெள்ளிக்கிழமை விடிகாலை
கன்னிவாடிச் சந்தைக்குக் கிடாய்க்குட்டிகளை
வண்டியில் ஏற்றும்போது யோசித்தேன்.
ஒவ்வொன்றையும் வயிற்றில் கை கொடுத்துத் தூக்கினேன்.
ரெண்டுக்குப் பேர்கூட இருந்தது.
நல்ல விலைக்குத்தான் போயின.

மறுநாள் பொழுதோட பூவாத்தாள் வந்தாள்.
"அக்கா, தர்ஷித்துக்குக் கக்குவானாட்ட இழுக்குதுங்.
முள்ளெலி முள்ளச் சுட்டுத்
தேன்ல கொழைச்சுக் குடுத்தா நிக்கும்ங்கறாங்க.
உங்க கொறங்காட்டுல இருக்குதாமா?"

"இங்கெங்க இருக்குது,
நாய் வந்ததுலருந்து ஒரு ஓணானக்கூடக் காணோம்."

பொய் வழுக்காமல் வந்தது.
ஐந்நூறு ரூபாயை மடித்து அவள் கையில் திணித்து
முதல் பஸ்ஸில் காங்கயம் ஆஸ்பத்திரிக்குப் போ என்றேன்.
அவள் போய்விட்டாள்.
இருமல் போகவில்லை.
ரெண்டு காடு தாண்டி அவள் வீடு,
காற்று இந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம்
அந்தக் குழந்தை இருமியது.
வேலியடியில் இது மென்றது.

குழந்தைக்கு எதிர்த்தட்டில்
எலியை வைத்து நிறுத்தவள் என்று
நாளைக்கு யாராவது சொன்னால்
என்ன சொல்வேன்,
தெரியவில்லை.

ஊசி போட்டார்களாம். மருந்து கொடுத்தார்களாம்.
இப்போது பரவாயில்லை என்றாள்,
முழுசாக நம்பாத குரலில்.

நாய்கள் என் பட்டிக்குத் திரும்பவே இல்லை.
ரெண்டு மைல் தள்ளிக் குப்பியண்ணன் பட்டியில் இறங்கினவாம்.
பாவம் என்றது வாய்.
உடம்பு அன்றைக்குத்தான் தூங்கியது.

விடிந்து செருப்பை மாட்டினேன்.
சுருக்கென்றது.
வெள்ளையும் பழுப்புமாக,
அரை விரல் நீளத்துக்கு
தானாகக் கழன்று விழுந்த முள்.

தீப்பெட்டியில் போட்டு மூடினேன்.
பூவாத்தாளிடம் கொடுக்கலாம்.
எங்கே கிடைத்தது என்று கேட்பாள்.

இன்னும் கொடுக்கவில்லை.
எடுத்து ஆட்டினால்
தீப்பெட்டிக்குள்
ஒற்றைக் கால் நடக்கிறது.